எல்லா டிஸ்க்கும் ஓடும் டிவிடி பிளேயர்: மலைநாட்டு வீட்டுக்கு வாங்கலாமா?

இலங்கையின் ஹட்டன், பண்டாரவளை, பதுளை டவுன்களில் எலக்ட்ரானிக் சாமான் கடையின் அடித்தட்டைப் பார்த்தால் ஒன்றிரண்டு டிவிடி பிளேயர் இன்னும் கண்ணில் படும். ஒரு அடி அகலம்கூட இல்லாத தகரப் பெட்டி. முன்னால் டிரே, பக்கத்தில் யுஎஸ்பி துளை, மூன்று பொத்தான். பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். கொஞ்சம் விலை கூடியதில் எச்டிஎம்ஐயும் இருக்கும். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு வரிசை: டிவிடி, விசிடி, எஸ்விசிடி, ஆடியோ சிடி, எம்பி3, டபிள்யூஎம்ஏ, ஜேபெக், எம்பெக்4, டிவ்எக்ஸ்.

மேலே எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் மூடியைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் ஒரே குடும்பம்தான். மீடியாடெக் எம்டி1389 அல்லது சன்பிளஸ் வகைச் சிப், டிஸ்க்கைப் படிக்கும் சான்யோ எச்டி65 போன்ற ஒரு லேசர் பிக்கப், உள்ளங்கை அளவில் ஒரு பவர் போர்ட். அதனால் இந்த மதிப்பீட்டை ஒரு பிராண்டுக்கு என்று எழுதவில்லை. அந்தக் குடும்பம் முழுவதற்கும் இது பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டு அலமாரியில் கல்யாண டிஸ்க், மகளின் சடங்கு டிஸ்க், தோட்டத்துக் கோயில் திருவிழா, காமன் கூத்து என்று ஒரு கட்டு இருந்தால் இதை வாங்குங்கள், அதுவும் தாமதிக்காமல். பென் டிரைவில் படம் பார்க்க மட்டும் என்றால் வேண்டாம். இப்போது வரும் டிவியின் யுஎஸ்பி துளையே அந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யும். அட்டைப்பெட்டியில் எத்தனை ஃபார்மட் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்து வாங்குவதில் பயன் இல்லை. பதினைந்து இருபது வருஷத்துக்கு முன் ஸ்டூடியோவில் அவசரமாக எழுதிக் கொடுத்த, கீறல் விழுந்த ஒரு டிஸ்க்கை இந்தப் பெட்டி எவ்வளவு பொறுமையாகப் படிக்கிறது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

டிஸ்க் படிக்கும் திறமை

சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர். இரண்டும் ஒரே பிக்கப்புக்குள் இருக்கின்றன. விசிடி, ஆடியோ சிடி, எம்பி3 சிடி எல்லாம் முதல் லேசரில் ஓடுபவை. டிவிடி மட்டும் இரண்டாவதில். ப்ளூரே டிஸ்க்குக்கு 405 நானோமீட்டர் வேண்டும் என்பதால் இந்தப் பெட்டியில் அது எந்த வழியிலும் ஓடாது. கடைக்காரர் ஓடும் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கம்பனியில் அச்சடித்த டிஸ்க்கில் அலுமினியப் படலம் வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். வீட்டிலும் ஸ்டூடியோவிலும் எழுதிய டிஸ்க்கில் சாயப் படலம்தான் தகவலைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயிலும் வருஷமும் சேரச் சேர அந்தச் சாயம் மங்கும். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகை இன்னும் மோசம். சிடி ஆர்டபிள்யூ திருப்பி அனுப்பும் வெளிச்சம் அச்சடித்த சிடியில் கால் பங்குதான் வரும். ஆகவே கடையில் பளபளக்கும் புதுப் பட டிஸ்க்கைப் போட்டுக் காட்டினால் அது சோதனையே ஆகாது. வீட்டில் இருப்பதிலேயே மோசமான இரண்டு டிஸ்க்கை எடுத்துப் போங்கள்: ஒரு விசிடி, ஸ்டூடியோவில் எழுதிய ஒரு டிவிடி. இரண்டையும் போட்டு, நேராகக் கடைசிப் பகுதிக்கு ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித்தான் எழுதப்படுகிறது. ஓரத்தில்தான் வளைவும் விரல் கறையும் சேரும், தேய்ந்த பிக்கப் அங்கேதான் தடுமாறும். டிரே மூடியதிலிருந்து படம் வரும் வரை எண்ணிப் பாருங்கள். இருபது எண்ணுவதற்குள் வந்தால் நல்லது. அரை நிமிஷம் திணறினால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து இன்னொன்றைக் கேளுங்கள். ஒரே மாடலில்கூடப் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் உண்டு.

ஸ்டூடியோக்காரர் மாப்பிள்ளை பொண்ணு படத்தோடு ஒட்டிக் கொடுத்த வட்ட ஸ்டிக்கர் இந்தப் பெட்டிகளுக்குப் பெரிய எதிரி. ஸ்டிக்கர் மையம் தவறி ஒட்டியிருந்தால் டிஸ்க் சுழலும்போது ஆடும். டிவிடி சாதாரண வேகத்திலேயே உள்பக்கம் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 1,400 சுற்று ஓடுகிறது. ஈரம் ஏறிய காகிதம் காயும்போது சுருங்கி டிஸ்க்கையே லேசாக வளைத்துவிடும். அதற்காக ஸ்டிக்கரைப் பிய்க்கக் கூடாது. சிடி, விசிடியில் தகவல் படலம் மேல்பக்கத்து வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. ஸ்டிக்கரோடு படலமும் உரிந்து வரும். டிவிடியில் படலம் 0.6 மில்லிமீட்டர்த் தட்டுகள் இரண்டுக்கு நடுவில் இருப்பதால் ஆபத்து குறைவு, ஆனாலும் பிய்த்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. வளைந்த டிஸ்க்கை இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி மூன்று நாள் விட்டால் ஓரளவு நேராகும்.

படம் உடையும் விதத்தைப் பார்த்தே குறை எங்கே என்று சொல்லிவிடலாம். விசிடியில் இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பிழை திருத்தும் கடைசி அடுக்கை விட்டுவிட்டார்கள். அதனால் கீறல் வரும் இடத்தில் படம் சதுரம் சதுரமாகச் சிதறும், ஆனால் ஓட்டம் நிற்காது. அதே டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கோப்பைக் காப்பி பண்ணப் போனால் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். டிவிடி 32 கிலோபைட் கட்டுகளாகத் தகவலைக் காக்கிறது. ஒரு கட்டு போனால் அடுத்த முழுப் படம் (ஃபிரேம்) வரும் வரை சிதறல் இருக்கும். நம் நாட்டு டிவியின் ‘பால்’ (PAL) முறையில் அது அதிகபட்சம் 15 ஃபிரேம், அரை வினாடியை விடக் கொஞ்சம் கூட. அதற்கு மேல் உறைந்து நின்றால் பெட்டி அந்த இடத்தைப் படிக்கத் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அர்த்தம். நல்ல பெட்டி இரண்டு மூன்று வினாடியில் கைவிட்டுத் தாண்டிப் போகும். மோசமானது அங்கேயே தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது ரிமோட்டில் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவி, பின்பக்கமாக மெல்ல ஓட்டி வந்தால் இழப்பு குறையும்.

நீளமான படத்தின் நடுவில் ஒரு தடவை மட்டும், எப்போதும் அதே இடத்தில், கண் இமைக்கும் நேரம் நின்று ஓடினால் அது பழுதல்ல. 8.5 ஜிபி டிஸ்க்கில் இரண்டு அடுக்கு உண்டு. லேசர் முதல் அடுக்கிலிருந்து அடுத்ததுக்கு மாறும் நேரம் அது.

சின்ன கேமராவில் எழுதிய 8 சென்டிமீட்டர் மினி டிஸ்க்கும் இதில் ஓடும். டிரேயின் உள்பள்ளத்தில் வைக்க வேண்டும். ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கேமராவில் அதை ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல், விட்டிருப்பார்கள். அதைச் செய்யப் பெரும்பாலும் அதே வகைக் கேமராதான் வேண்டும்.

ரீஜன், பால், என்டிஎஸ்சி

அசல் டிவிடிகள் உலகத்தை ரீஜன் என்ற வட்டாரங்களாகப் பிரித்துப் பூட்டு போட்டு வருபவை; இலங்கை ரீஜன் 5ஐச் சேர்ந்தது. சவூதி, குவைத், கத்தார் நாடுகள் ரீஜன் 2. அங்கே வேலைக்குப் போனவர்கள் வாங்கி வந்த அசல் டிஸ்க்கில் ‘தவறான ரீஜன்’ என்று வந்தால் டிஸ்க் கெட்டுப்போகவில்லை. இந்தக் குடும்பப் பெட்டிகளில் பெரும்பாலானவை எல்லா ரீஜனும் ஓடும்படியே வருகின்றன. வாங்கும்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே கிடையாது.

படம் கறுப்பு வெள்ளையாக வந்து மேலும் கீழும் உருண்டால் அது வேறு கதை. நம் நாட்டு டிவி பால் முறை: 576 வரி, வினாடிக்கு 25 படம். இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் பட டிவிடிகளில் பல என்டிஎஸ்சி: 480 வரி, கிட்டத்தட்ட 30 படம். பழைய குண்டு டிவிகளில் சில இதை ஏற்காது. செட்டிங்கில் ‘டிவி சிஸ்டம்’ என்ற இடத்தில் ‘பால்’ என்று மாற்றினால் பெட்டியே மாற்றி அனுப்பும். ‘ஆட்டோ’ என்பது இரண்டையும் ஏற்கும் டிவிக்குத்தான்.

இதோடு சேர்த்து ஒரு முக்கியமான விஷயம். குழந்தை ரிமோட்டை அழுத்தி விளையாடிய பிறகு திரை இருண்டுபோனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓட வேண்டாம். ‘பி ஸ்கேன்’ அல்லது ‘வி மோட்’ என்ற பொத்தான் அழுந்தியிருக்கும். மஞ்சள் துளையில் படம் போகாமல் வேறு துளைக்கு மாறியிருக்கும். டிஸ்க்கை வெளியே எடுத்து, டிரேயைத் திறந்தபடி வைத்து, அதே பொத்தானை மூன்று வினாடிக்கு ஒரு தடவை அழுத்திக்கொண்டே வந்தால் படம் திரும்பிவிடும். திருத்தும் மேசைக்கு ‘பழுது’ என்று வரும் பெட்டிகளில் இப்படி வருவது கொஞ்ச நஞ்சமல்ல.

இதனால்தான் ரிமோட் இல்லாத செகண்ட் ஹேண்ட் பெட்டியை வாங்கவே கூடாது என்கிறோம். முன்னால் மூன்று பொத்தான் மட்டும் உள்ள பெட்டியில் ரிமோட் இல்லாமல் செட்டிங்குக்குள் நுழையவே முடியாது.

பென் டிரைவ்

‘எம்பெக்4 ஓடும்’ என்று போட்டிருப்பதை நம்பி ஃபோனில் எடுத்த வீடியோவைப் போடுகிறார்கள், ஓடுவதில்லை. ஃபோன் வீடியோ எச்.264 அல்லது அதற்குப் பிந்திய முறையில் இருக்கும். எம்டி1389 சிப்புக்குத் தெரிந்தது அதற்கு முந்திய தலைமுறை: டிவ்எக்ஸ், எக்ஸ்விட். கோப்பின் பெயரை ஏவிஐ என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. கம்ப்யூட்டரில் மாற்றுவதாக இருந்தால் இந்த அளவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஏவிஐ கோப்பு, எக்ஸ்விட் படம், அகலம் 720க்குள், உயரம் 576க்குள், வினாடிக்கு 25 படம், படத்துக்கு 1,200 கிலோபிட், ஒலி எம்பி3 128 கிலோபிட். ‘கியூபெல்’, ‘ஜிஎம்சி’ என்ற இரண்டு தேர்வையும் அணைத்து வையுங்கள். அவை இருந்தால் படம் உருகி வழிந்தது போலத் தெரியும். இந்த அளவில் ஒரு மணி நேரப் படம் 600 எம்பி பிடிக்கும்.

பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டையும் பெரும்பாலான பெட்டிகள் அறியாது. 32 ஜிபிக்கு உள்ளேயே வாங்குங்கள், அதற்கு மேல் விண்டோஸ் எக்ஸ்பிளோரரில் ஃபேட்32 ஆக்குவதே சிரமம். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டவும் கூடாது. ஹார்ட் டிஸ்க்கை நேராகச் செருகினால் துளையின் கரண்ட் போதாமல் ‘டிக் டிக்’ என்று அடித்துப் பெட்டியே அணைந்து மறுபடி ஆன் ஆகும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் கட்டம் கட்டமாகவோ கோடாகவோ தெரியும், ஆனாலும் ஓடும். ஆங்கில எழுத்தில் எட்டு எழுத்துக்குள் பெயர் வைத்தால் தேடும் வேலை மிச்சம். படத்தின் கீழே தமிழ் வரி காட்டும் கோப்பும் இதில் சரியாக வராது. போட்டோவில் ‘புரோகிரசிவ்’ வகை ஜேபெக் பல பெட்டிகளில் திறக்காது. பாட்டுக்கு மட்டும் குறை ஒன்றும் இல்லை. எம்பி3 320 கிலோபிட் வரை சுத்தமாக ஓடுகிறது. கோயில் ஸ்பீக்கருக்குப் பாட்டு போட இந்தப் பெட்டி அருமையான சாமான்.

டிவியோடு இணைக்கும்போது

புது டிவியில் மூன்று துளைக்குப் பதில் காது போன் அளவில் ஒரே துளை இருக்கும். அதற்கான குட்டி வயர் டிவிக்கு டிவி வேறுபடும். படம் வராமல் ‘ர்ர்ர்’ என்று சத்தம் மட்டும் வந்தால் வயரின் உள் வரிசை மாறியிருக்கிறது. மஞ்சளைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள், எதுவும் எரியாது. ஆன்டெனா துளை மட்டும் உள்ள பழைய டிவிக்கு நடுவில், படத்தை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஒரு ஆர்எஃப் மாடுலேட்டர் வேண்டும். எச்டிஎம்ஐ இருந்தால் அதையே பாவியுங்கள், வயர் இரைச்சல் போய்விடும். 1080 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் டிஸ்க்கில் இருப்பது 720க்கு 576தான். அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது, புதிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை.

பேச்சு கேட்கவில்லை, சண்டையும் பாட்டும் காதைக் கிழிக்கிறது என்ற முறைப்பாடு எல்லா வீட்டிலும் உண்டு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு சுவர்தான் தடுப்பு, அதனால் அங்கே இது பெரிய பிரச்சினை. படத்தின் ஒலி ஆறு பாதையில் பதிந்திருக்கிறது, டிவியில் இரண்டு ஸ்பீக்கர்தான். செட்டிங்கில் ‘டவுன்மிக்ஸ்’ என்பதை ‘ஸ்டீரியோ’ ஆக்குங்கள். ‘டைனமிக் ரேஞ்ச்’ அல்லது ‘டிஆர்சி’ என்பதை ‘ஃபுல்’ ஆக்குங்கள். பேச்சு ஏறும், வெடிச் சத்தம் இறங்கும். சத்தமே வராத டிஸ்க் என்றால் அதில் டிடிஎஸ் என்ற வேறு வகை ஒலி ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட்டில் ‘ஆடியோ’வை அழுத்தி டால்பிக்கு மாற்றுங்கள்.

ஒரே டிஸ்க்கில் நாலைந்து படம் உள்ள டிஸ்க் மங்கலாகத் தெரிவதற்குப் பெட்டி பொறுப்பல்ல. 4.7 ஜிபியில் பத்து மணி நேரத்தை அடைத்தால் வினாடிக்கு ஒரு மெகாபிட்தான் மிஞ்சும், அது விசிடி அளவு.

மலையில் இந்தப் பெட்டிக்கு வரும் கேடு

கொழும்பில் தூசி லென்ஸைக் கெடுக்கிறது. இங்கே விறகுப் புகை. அடுப்படியும் டிவி வைக்கும் இடமும் அருகருகே உள்ள வீட்டில் லென்ஸ் மேல் தேயிலைச் சாயம் போல ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் படியும். பிரஷ் ஒட்டிய ‘கிளீனர் டிஸ்க்’ தூசியைத் தட்டும், இந்தப் படலத்தைத் தொடாது. அதை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

அடுத்தது குளிர். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல் மேல் உறைபனி படும் ஊர். குளிர்ந்து கிடந்த பெட்டி இருக்கும் அறையில் அடுப்பின் சூடும் ஆவியும் ஏறும்போது லென்ஸ் மேல் ஈரம் கட்டும், ‘நோ டிஸ்க்’ வரும். டிஸ்க் போடாமல் பெட்டியை ஆன் செய்து அரை மணி நேரம் விட்டால் காய்ந்துவிடும். டிரே பாதியில் நின்றால் கிரீஸ் இறுகியிருக்கும், இல்லாவிட்டால் டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பெல்ட் சின்னச் சாமான்தான், பழைய பெட்டியிலிருந்தும் கழற்றிப் போடலாம்.

காலையில் ஆன் ஆகாமல் சிவப்பு லைட் மினுக்கி, மத்தியானம் வெயில் ஏறிய பிறகு ஒழுங்காக ஓடும் பெட்டி ஒன்று இருந்தால் நேராகப் பவர் போர்டைப் பாருங்கள். அங்கே 5 வோல்ட் வரியில் உள்ள கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கும். வழமையாக 1,000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட். குளிரில் அதன் உள்தடை கூடுவதால்தான் காலையில் மட்டும் மக்கர் செய்கிறது. அதே அளவில் 16 வோல்ட், 105 பாகை வகையைப் போடுங்கள். கூட்டல் கழித்தல் பக்கம் மாறக் கூடாது.

கரண்ட் குறைவதைப் பற்றிப் பயம் வேண்டாம். பின்பக்கம் 100–240 வோல்ட் என்று போட்ட பெட்டி, சாயந்தரம் எல்லா வீட்டிலும் லைட் எரியும்போது இறங்கும் வோல்ட்டேஜையும் தாங்கும். இடிதான் எமன். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மழை வரும் மாதங்களில் பிளேயரின் பிளக்கை மட்டும் கழற்றி வைத்தால் போதாது. டிஷ் வயரில் இறங்கும் மின்னல் டிவிக்குள் போய், எச்டிஎம்ஐ வழியாகப் பிளேயரின் தாய் போர்டைத் தின்றுவிடும். டிஷ் வயரையும் டிவியின் பிளக்கையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். வயர் செருகும்போது தகரத்தில் லேசாகக் கரண்ட் கடிப்பது போல இருந்தால், இரண்டு முள் பிளக்கில் எர்த் இல்லாததால் வரும் சின்னக் கசிவு அது. இரண்டு பெட்டியையும் அணைத்த பிறகே வயரைத் தொடுங்கள்.

லென்ஸ் துடைக்கும் முறை

முதலில் நோயைப் பிரித்துப் பாருங்கள். விசிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை என்றால் 650 லேசர் தளர்ந்திருக்கிறது. டிவிடி ஓடுகிறது, விசிடி ஓடவில்லை என்றால் 780 லேசர். இந்த இரண்டிலும் துடைத்துப் பார்ப்பது ஒரு முயற்சி மட்டுமே, கடைசியில் பிக்கப் மாற்ற வேண்டி வரலாம். இரண்டுமே திக்கித் திக்கி ஓடினால் லென்ஸில் அழுக்கு. டிஸ்க் சுற்றவே இல்லை என்றால் ரிப்பன் கேபிளையும் மோட்டாரையும் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிஷம் காத்திருங்கள். பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. மூடியின் ஸ்குரூக்கள் பின்னாலும் பக்கங்களிலும் இருக்கும். மூடி போனதும் டிஸ்க்கை மேலிருந்து அழுத்தும் பாலம் தெரியும். அதன் அடியில் பட்டாணிப் பருப்பை விடச் சின்னதாக, நீலமும் ஊதாவும் மின்னும் ஒரு கண்ணாடிப் புள்ளி, அதுதான் லென்ஸ். அது மயிரிழை போன்ற நான்கு கம்பியில் தொங்குகிறது. காதுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு மட்டும் விட்டு, உதறி, லென்ஸ் மேல் பாரமே வைக்காமல் ஒரு வட்டம் சுற்றுங்கள். குச்சியின் நுனியில் மஞ்சள் ஏறியிருந்தால் அது அடுப்புப் புகை. புதுக் குச்சியால் இன்னொரு வட்டம், பிறகு காய்ந்த குச்சி. வாசனைத் தண்ணீர், மண்ணெண்ணெய், வாயால் ஊதுவது எதுவும் வேண்டாம். பிக்கப் ஓடும் இரும்புத் தண்டில் பழைய கிரீஸைத் துடைத்து, அரிசி அளவு வெள்ளை கிரீஸ் வையுங்கள். மூடி திறந்திருக்கும்போது ஆன் செய்து பார்ப்பதானால் பக்கத்திலிருந்து பாருங்கள், லேசருக்கு நேர் மேலே கண்ணை வைக்காதீர்கள்.

பிக்கப் மாற்றுவதானால் பழையதன் மேல் உள்ள இலக்கத்தை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 62, 65, 850 எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாற்றிப் போட்டால் ஓடாது. புது பிக்கப்பில் லேசரைக் காக்க ஒரு சின்ன ஈயப் பொட்டு வைத்து இணைத்திருப்பார்கள். ரிப்பனைச் செருகிய பிறகே அந்தப் பொட்டை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் விரலில் உள்ள நிலைமின் லேசரைக் கொன்றுவிடும். எடுக்காமல் விட்டால் ‘நோ டிஸ்க்’ என்றே நிற்கும், பலர் சாமான் பழுது என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

டிஸ்க்கைக் காப்பாற்றுவது

தென்மேற்குப் பருவ மழையில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கமும், டிசம்பர் தொடங்கிப் பதுளை, பசறைப் பக்கமும் அலமாரிக்குள் பூஞ்சணம் ஏறும். டிஸ்க் மேல் சிலந்தி வலை போல வெள்ளை பூத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் தேய்த்துக் கழுவுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வட்டக் கீறல் ஒரே பாதையில் நீளமாகத் தகவலை அழிக்கும். குறுக்குக் கீறலைப் பிழை திருத்தம் தாண்டிவிடும். ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கைத் தண்ணீரில் போடாமல் ஈரத் துணியால் அடிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். டார்ச்சை டிஸ்க்குக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தால், விசிடியில் ஊசிக் குத்துப் போல வெளிச்சம் ஒழுகினால் அந்த இடத்தில் படலமே இல்லை, எந்தப் பாலிஷும் உதவாது.

கம்ப்யூட்டரில் காப்பி எடுக்க முடிந்தால் டிவிடியின் ‘விடியோ டிஎஸ்’ ஃபோல்டரை முழுதாக எடுங்கள். முடியாதபோதுதான் இந்தப் பெட்டியின் அருமை தெரியும். கம்ப்யூட்டர் டிரைவ் பிழை என்று கைவிட்ட டிஸ்க்கை இது சிதறலோடாவது கடைசி வரை ஓட்டிவிடும். அந்த ஓட்டத்தையே பதிந்துகொள்ளலாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை ஏற்கும் யுஎஸ்பி கேப்சர் குச்சி ஒன்று வாங்கி, பிளேயரை அதில் இணைத்து, லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். பிளேயரிலும் மென்பொருளிலும் பால் என்று வைத்து, அளவை 720க்கு 576 ஆக்கி, ‘டிஇன்டர்லேஸ்’ தேர்வைப் போட்டு, 4 மெகாபிட்டில் பதியுங்கள். ஒரு மணி நேரம் 1.8 ஜிபி வரும். பிளேயரின் ஸ்கிரீன் சேவரை முதலில் அணைத்துவிடுங்கள். டிஸ்க் ஒரு இடத்தில் நின்றால் அது வந்து பதிவுக்குள் நுழையும். மோசமான டிஸ்க்கை முதலில் போடுங்கள், இரண்டு டிஸ்க்குக்கு நடுவில் பெட்டியைக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூடேறிய பழைய லேசர் கடைசி அத்தியாயத்தில்தான் கைவிடும்.